பல் கொன்ற 470 பேர்!

பல் முளைத்ததால் யாராவது செத்துப்போவாங்களா? 1632-ம் வருடத்து லண்டன் மரணப் பட்டியலைப் பாருங்கள். 'பல்' 470 பேர், 'திடீரென்று' 62 பேர், 'கிரகம்' 13 பேர், 'துக்கம்' 11 பேர்!

சிரிக்காதீங்க. பிணத்தைப் பார்த்துக் காரணம் சொன்னது டாக்டர் இல்லை, அந்தந்த சர்ச் வட்டாரம் நியமித்த வயதான பெண்மணிகள். பல் முளைக்கிற வயதில் குழந்தை இறந்தால் பழி பல் மேல். நிஜக் கொலையாளி எஸ்கேப்! எல்லாவற்றையும் 'இதர செலவு' என்று எழுதிவிட்டால் பணம் எங்கே போச்சு என்று தெரியுமா? பி.காம். படித்த எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

இங்கிலாந்தின் பதிவாளர் அலுவலகத்தில் இருந்த வில்லியம் ஃபார், 1839-ல் இதற்கு எதிராகக் கொடி பிடித்தார். 'ஒரே நோய்க்கு மூணு நாலு பெயர். ஒரே பெயருக்குப் பல நோய். விஞ்ஞானத்துக்கு எடையும் அளவும் எப்படியோ, மருத்துவத்துக்குத் தெளிவான பெயர்கள் அப்படி' என்பது அவர் வாதம். 1893-ல் பெர்த்தியோன் என்ற பிரெஞ்சுக்காரர் சர்வதேசப் பட்டியல் போட்டார். 1948-ல் அந்தப் பொறுப்பு உலக சுகாதார நிறுவனத்திடம் வந்தது. அதன் 11-வது பதிப்பு 2022-ல் அமலானது.

சரி, பிரச்னை தீர்ந்ததா? 'இதயம் நின்றதால் மரணம்' என்று மட்டும் ஒரு சான்றிதழ் சொன்னால் நம்பிவிடாதீர்கள். கடைசியில் எல்லோருக்கும் நிற்பதுதானே! எதனால் நின்றது? அதைச் சொல்லாவிட்டால், அதுவும் 'திடீரென்று' கணக்குதான்.