தொப்பி எப்போது எமதானது?

பழைய கல்யாணப் படங்களில் எமது மூத்தவாப்பாமார் துருக்கித் தொப்பியோடு நிற்பார்கள். அது தொன்றுதொட்டே எம்மிடம் இருந்தது என்று நினைக்கிறோம்.

1883இல் எகிப்தின் ஒராபி பாஷாவையும் தோழர்களையும் ஆங்கிலேயர் இலங்கைக்கு நாடுகடத்தினார்கள். 18 வருடங்களுக்கு மேல் அவர் கொழும்பிலும் கண்டியிலும் இருந்தார். சித்திலெப்பை போன்றவர்கள் அவரோடு நெருங்கிப் பழகினார்கள். அந்தப் பழக்கத்தில்தான் 1892இல் இன்றைய கொழும்பு ஸாஹிராவும் தொடங்கியது. துருக்கித் தொப்பியும் எம்மவரிடையே பரவியது.

1905இல் சட்டத்தரணி எம்.சி. அப்துல் காதர் அந்தத் தொப்பியோடு உயர் நீதிமன்றத்தில் நின்றபோது பிரதம நீதியரசர் ஆட்சேபித்தார். பின்னர் மருதானையில் பெருங்கூட்டம் கூடியது. விருந்தாளியிடம் கண்டு அணிந்த தொப்பி, தடுக்கப்பட்டதும் "எமது அடையாளம்" ஆனது.

இன்றும் எமது உடுப்பைப் பற்றிக் கேள்விகள் வருகின்றன. உரிமையை நாம் கேட்கத்தான் வேண்டும். ஆனால் பிள்ளைகளுக்கு 1905ஐ மட்டும் சொல்லிக் கொடுத்தால், நாம் சண்டையில் உருவானவர்கள் என்றே நினைப்பார்கள். 1883இல் வந்த அந்நியரோடு எம்மவர் பழகிய கதையையும் சேர்த்துச் சொல்வோம்.