சென்னை சீட்டாஸ்: ஒரே சீசனோடு முடிந்த கதை

எங்க ஓட்டப்பிடாரம் பக்கம் வரலாறுன்னு பேச்செடுத்தால் வ.உ.சி.யும் பாஞ்சாலங்குறிச்சியும்தான் முதலில் வரும். விளையாட்டு வரலாறு வேணும்னா கோவில்பட்டிக்குத்தான் பஸ் ஏறணும். தீப்பெட்டி, கடலைமிட்டாய், அதுக்கடுத்து ஹாக்கி. 'ஹாக்கிப்பட்டி'ன்னே பத்திரிகைகள் எழுதும் ஊர் அது. சுத்துப்பட்டு கிராமங்களில்கூட ஹாக்கி மட்டையோடு திரியும் பையன்களைப் பார்க்கலாம்.

இப்படி ஒரு வட்டாரத்தைக் கையில் வைத்திருக்கும் மாநிலத்தில், சம்பளம் வாங்கி ஆடும் ஒரு ஹாக்கி அணி ஏன் நிலைக்கவே இல்லை? இந்தக் கேள்வியோடுதான் பழைய லீக்குகளின் கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் வந்தது 2005-இல் தொடங்கிய பிரீமியர் ஹாக்கி லீக். ஐ.பி.எல். பிறப்பதற்கு மூன்று வருஷம் முந்தியே! அதில் நம்ம அணி சென்னை வீரன்ஸ். டிவிக்குத் தோதாக ஆட்டத்தை நாலு கால்பகுதியாகப் பிரித்தார்கள். ஆனால் 2008-இல் இந்தியா ஒலிம்பிக்குக்கே தகுதி பெறவில்லை. அதே வருஷம் ஏப்ரலில் இந்திய ஹாக்கி சம்மேளனத்தை ஒலிம்பிக் சங்கம் இடைநீக்கம் செய்தது. லீக்கும் அந்த வருஷத்தோடு சரி.

அடுத்தது வேர்ல்டு சீரிஸ் ஹாக்கி. 2012 பிப்ரவரி 29-இல் தொடங்கி ஏப்ரல் 2-இல் முடிந்தது. எட்டு அணிகள், 59 ஆட்டங்கள். ஒவ்வொரு அணியும் மற்ற ஏழு அணிகளோடு இரண்டிரண்டு முறை மோதணும், ஆக லீக் சுற்றில் மட்டும் ஒரு அணிக்கு 14 ஆட்டம். ஐந்து வாரத்துக்குள் இத்தனையும். நடுவில் ஊர் ஊராகப் பயணம் வேறு.

சென்னை சீட்டாஸுக்குச் சொந்தத் திடல் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியம். கேப்டன், ஆஸ்திரேலியாவுக்காக 2004-இல் ஒலிம்பிக் தங்கம் வென்ற பிரென்ட் லிவர்மோர். பெனால்டி கார்னர் அடிக்க பாகிஸ்தானின் இம்ரான் வார்சி. பேர் சொல்ல ஆள் இருந்தும் அணி அரையிறுதிக்குப் போகவில்லை. கோப்பை ஷேர்-எ-பஞ்சாபுக்குப் போனது. இறுதியில் தோற்றது புனே.

தோல்வி பெரிய விஷயமில்லை. புதுசாகச் சேர்ந்த அணி, முதல் வருஷம் தடுமாறும், அடுத்த வருஷம் தேறும். சீட்டாஸுக்கு அந்த அடுத்த வருஷம்தான் வரவே இல்லை.

காரணம் திடலுக்கு வெளியே இருந்தது. அப்போது இந்தியாவில் ஹாக்கிக்கு இரண்டு அமைப்புகள் உரிமை கொண்டாடின: பழைய சம்மேளனம், 2009-இல் வந்த ஹாக்கி இந்தியா. லீக்கை நிம்பஸ் நிறுவனத்தோடு சேர்ந்து நடத்தியது பழைய சம்மேளனம். சர்வதேச சம்மேளனம் ஏற்றதோ ஹாக்கி இந்தியாவை. லீக்குக்கு சர்வதேச அங்கீகாரம் கிடைக்கவில்லை. அங்கே ஆடினால் நாட்டுக்கு ஆட முடியாது என்ற நிலை. அதுவும் லண்டன் ஒலிம்பிக் வருஷத்தில்! சம்பளமா, இந்திய ஜெர்சியா என்று இருபது, இருபத்திரண்டு வயசுப் பையனிடம் கேட்டால் அவன் என்ன சொல்வான்?

சீசன் முடிந்ததும் பேசிய பணம் முழுசாக வரவில்லை என்று ஆட்டக்காரர்கள் பகிரங்கமாகவே புகார் சொன்னார்கள். இரண்டாவது சீசன் தள்ளிப்போனது, பிறகு அந்தப் பேச்சே இல்லை. 2013-இல் ஹாக்கி இந்தியா தன் லீக்கைத் தொடங்கியது. 2017 வரை நடந்த அதில் தமிழ்நாட்டு அணி ஒன்றுகூட கிடையாது.

கோவில்பட்டி இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி, அரசின் ஹாக்கி விடுதி, செயற்கைப் புல்திடல் என்று அதன் போக்கில் வளர்ந்தது. 2022 மே மாதத்தை மட்டும் பாருங்க. தேசிய ஜூனியர் ஆண்கள் போட்டி கோவில்பட்டியில் நடக்கிறது. அதே மாதம் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை. கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும், அந்த விடுதியில் பயிற்சி பெற்ற அரியலூர் கார்த்தி செல்வமும் இந்தியாவுக்காக அறிமுகம் ஆகிறார்கள். முதல் ஆட்டமே பாகிஸ்தானோடு. கார்த்தி கோல் போடுகிறார். 1-1.

இந்த ஓட்டம் நிற்காததற்குக் காரணம் எளிது. கிராமத்து அணி தோற்றால் கலைவதில்லை, அடுத்த சீசனுக்கு யார் கையெழுத்தும் அதுக்கு வேண்டாம். இன்னொன்று, இங்கே ஹாக்கிக்காரனுக்கு நிஜமாகச் சோறு போட்டது லீக் இல்லை; ரயில்வே, வங்கி, போலீஸ், வருமான வரித்துறை என்று ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கிடைத்த வேலை. மாசச் சம்பளம் தவறாமல் வரும். அந்த வாசல் குறுகினால் மட்டை பிடிக்கும் பையன்களும் குறைவார்கள்.

ஹாக்கி இந்தியா லீக் 2024 டிசம்பரில் திரும்பி வந்தது. இந்தத் தடவை தமிழ்நாடு டிராகன்ஸ் இருந்தது, கார்த்தியும் அதில் ஆடினார். முதல் சீசனிலேயே நான்காம் இடம், புது அணிக்கு நல்ல தொடக்கம்தான். ஆனால் அந்த சீசன் முழுக்க நடந்தது ஒடிசாவிலும் ஜார்க்கண்டிலும். தமிழ்நாடு என்ற பேரோடு ஆடிய அணியைத் தமிழ்நாட்டுக்காரன் டிவியில்தான் பார்த்தான்.

டிராகன்ஸ் அஞ்சு வருஷம் கழித்தும் இருக்கணும்னா இரண்டு வேண்டும்: ஆட்டக்காரனுக்குச் சம்பளம் சொன்ன தேதிக்கு வரணும், அணி வருஷத்துக்கு ஒரு தடவையாவது கோவில்பட்டித் திடலில் இறங்கணும். பயிற்சி ஆட்டமாக இருந்தாலும் போதும். பார்க்க கூட்டம் வருமான்னு கேட்காதீங்க. சுத்துப்பட்டு கிராமமே சாயங்காலம் வந்து திடலைச் சுற்றி நிற்கும்.