இந்தியானா ஹூசியர்ஸ் அணியின் 2024 பருவம்

அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்து அமெரிக்கக் கால்பந்து அணியான இந்தியானா ஹூசியர்ஸ், கர்ட் சிக்னெட்டி தலைமைப் பயிற்றுநராகப் பொறுப்பேற்ற முதல் பருவமான 2024இல் 11 ஆட்டங்களில் வென்று இரண்டில் தோற்றது. அதற்கு முன் எந்தப் பருவத்திலும் இந்த அணி பத்து வெற்றிகளைத் தொட்டதில்லை. பிக் டென் கூட்டமைப்பின் 18 அணிகளில் இது 17ஆம் இடம் பெறும் என்றே பருவத்துக்கு முன் செய்தியாளர்கள் கணித்திருந்தனர்.

அந்தக் கணிப்பில் பிழை சொல்ல முடியாது. புளூமிங்டன் நகரிலுள்ள இப்பல்கலைக்கழகம் கூடைப்பந்தில் ஐந்து முறை தேசிய வாகையர் ஆனது. கால்பந்திலோ, நாட்டின் முதல்நிலைக் கல்லூரி அணிகளிலேயே அதிகத் தோல்விகளைக் கண்டிருந்தது. 2021 முதல் 2023 வரை 9 வெற்றி, 27 தோல்வி. பயிற்றுநர் டாம் ஆலன் 2023 நவம்பரில் நீக்கப்பட்டார்.

அவருக்குப் பின் வந்த சிக்னெட்டிக்கு அப்போது 62 வயது. அலபாமா பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்றுநர் நிக் சேபனிடம் உதவிப் பயிற்றுநராக இருந்தவர். 2011இல் அந்த வேலையை விட்டு, தன் தந்தை முன்பு பயிற்றுவித்த ஒரு சிறிய பென்சில்வேனியக் கல்லூரி அணியின் பொறுப்பை ஏற்றவர். பிறகு ஈலான், ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழக அணிகள். ஜேம்ஸ் மேடிசனில் மட்டும் 52 வெற்றி, 9 தோல்வி. பணிவுக்குப் பேர்போனவர் அல்லர். தன்னைப் பற்றிக் கூகுளில் தேடிப் பார்க்கும்படி செய்தியாளர்களிடமே சொன்னார். பொறுப்பேற்ற கையோடு ஒரு கூடைப்பந்து ஆட்டத்தின் நடுவே ஒலிவாங்கியைப் பிடித்து, பர்டூ, மிச்சிகன், ஒஹாயோ ஸ்டேட் ஆகிய மூன்று எதிரணிகளையும் பெயர் சொல்லி ஏளனம் செய்தார்.

மாற்றத்துக்கு முதன்மைக் காரணம் அந்த வாய்ப்பேச்சு அன்று, ஆட்டக்காரர்கள் கல்லூரி விட்டுக் கல்லூரி மாறுவதற்கான விதிகள் தளர்ந்திருந்ததுதான். ஜேம்ஸ் மேடிசனிலிருந்து 13 பேர் அவருடன் வந்தனர். தாக்குதல், தற்காப்பு இரண்டின் ஒருங்கிணைப்பாளர்களும் வந்தனர். ஆகவே புதிய அணி என்றாலும், அதன் மையப் பகுதிக்கு ஆட்டமுறை பழகியதாகவே இருந்தது. பந்தை வீசித் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் கர்டிஸ் ரூர்க் ஒஹாயோ பல்கலைக்கழகத்திலிருந்து வந்து, எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்க்கும் 29 டச்டவுன் பாஸ்கள் வீசினார். அவர் முழங்கால் தசைநார் கிழிந்த நிலையிலேயே பருவம் முழுவதும் ஆடியது பின்னரே வெளியே தெரிந்தது.

வெஸ்டர்ன் இல்லினாயை 77–3, யூசிஎல்ஏவை 42–13, நெப்ராஸ்காவை 56–7 என்று அணி வீழ்த்தியது. ஒன்பதாவது ஆட்டத்தில், மிச்சிகன் ஸ்டேட்டுக்கு எதிராக 0–10 என்றானபோதுதான் பருவத்திலேயே முதன்முறையாகப் பின்தங்கியது. அதன்பின் தொடர்ச்சியாக 47 புள்ளிகள் எடுத்து வென்றது. முந்தைய ஆண்டின் தேசிய வாகையரான மிச்சிகனை 20–15 என வென்றபோது கணக்கு பத்துக்குப் பத்து.

எளிய எதிராளிகளிடம் சேர்த்த வெற்றிகள் என்ற முணுமுணுப்பும் கூடவே எழுந்தது. நவம்பர் 23 அன்று கொலம்பஸில் ஒஹாயோ ஸ்டேட்டிடம் 15–38 எனத் தோற்றதும் அது உரத்தது. அன்று முதலில் டச்டவுன் எடுத்தது இந்தியானாதான். இடைவேளைக்குச் சற்று முன், பந்தை எதிரணிப் பக்கம் தொலைவாக உதைக்கும் பன்ட்டை அடிக்க வேண்டிய இந்தியானா ஆட்டக்காரர் பந்தைத் தவறவிட்டதும், அடுத்த பாதியில் ஒஹாயோ ஸ்டேட்டின் காலெப் டவுன்ஸ் ஒரு பன்ட்டைப் பிடித்து 79 கெஜம் ஓடி டச்டவுன் எடுத்ததும் ஆட்டத்தைத் திருப்பின. ஒரு வாரம் கழித்துப் பர்டூவை 66–0 என நசுக்கி, ஓக் மரக் கிணற்று வாளியான 'ஓல்டு ஓக்கன் பக்கெட்' கோப்பையைக் கைப்பற்றியது. ஏளனம் செய்த மூன்றில் இரண்டை வென்றாயிற்று.

தேசியப் பிளே-ஆஃப் அந்த ஆண்டுதான் 12 அணிகளுக்கு விரிந்திருந்தது. அதில் பத்தாம் தரவரிசையில் நுழைந்த இந்தியானா, டிசம்பர் 20 அன்று நோத்ர டேமிடம் 17–27 எனத் தோற்றது. தொடக்கத்திலேயே ஜெரமையா லவ் 98 கெஜம் ஓடி எதிரணியின் கணக்கைத் திறந்தார். இந்தியானாவின் இரண்டு டச்டவுன்களும் ஆட்டம் கைநழுவிய பின் கடைசி நிமிடங்களில் வந்தவை. புள்ளி வித்தியாசம் காட்டுவதைவிடத் தோல்வி பெரிது. அசோசியேட்டட் பிரஸின் இறுதித் தரவரிசையில் அணி பத்தாவதாக நின்றது. அந்த நிறுவனத்தின் ஆண்டின் சிறந்த பயிற்றுநர் விருது சிக்னெட்டிக்குக் கிடைத்தது; பருவம் முடியுமுன்பே, நவம்பரில், பல்கலைக்கழகம் அவருடன் எட்டு ஆண்டுப் புதிய ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தது.