பி-1 என்னும் மாறிலி: திரவத் தெளிப்பின் கணினி மாதிரிகளும் சந்தவாசல் வயலின் நாசிலும்

திரவத் தெளிப்பின் கணினி மாதிரிகள் வளர்ந்த கதைக்குப் பழகிப்போன ஒரு வரிசை உண்டு. திரவத்தாரை துளிகளாக உடைவதை 1878இல் ரேலி விளக்கினார். 1931இல் வெபர் பாகுமையைச் சேர்த்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர், 1961இல் வெளிவந்த தம் நிலைத்தன்மை நூலில் தாரைகளுக்கும் உருளைகளுக்கும் தனி இயலே ஒதுக்கினார். 1980இல் டூகோவிச், துளிக்கூட்டங்களைச் சுற்றியுள்ள வளிமத்தோடு பிணைத்துக் கணக்கிட வழி தந்தார். லாஸ் அலமோஸின் கிவா நிரல் அவ்வழியை எஞ்சின் ஆய்வுகளுக்குள் கொண்டுசென்றது. இவற்றில் எனக்குப் பிணக்கில்லை. 1987இல் ரைட்ஸ் முன்வைத்த வாசிப்புக்கு இவ்வரிசை தரும் இடம்தான் கேள்விக்குரியது.

டீசல் நாசிலின் துளை விட்டத்துக்குச் சமமான திரவத் திரட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே விடலாம், அவற்றின் பரப்பில் காற்றுரசலால் எழும் கெல்வின்-ஹெல்ம்ஹோல்ட்ஸ் அலைகளே அவற்றை உடைக்கும் என்றார் ரைட்ஸ். நாசில் வாயருகே தாரை சிதறுவதையும், பிறகு துளிகள் உடைவதையும் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை என்பது இதன் உட்கிடை. நாசிலுக்குள் என்ன நடக்கிறது என்று கணக்கிடும் சுமை இதனால் குறைந்தது. ஆனால் இது கணக்கிடுவோருக்குக் கிடைத்த வசதி; இயற்கையைப் பற்றிய கண்டுபிடிப்பு அன்று. காற்றின் விசை மட்டும் போதாது, நாசிலின் வடிவத்தையும் சேர்த்தால்தான் சோதனைகள் பிடிபடும் என்று 1982இல் பிராக்கோவுடன் சேர்ந்து எழுதியவரும் இதே ரைட்ஸ்தான். அந்த முடிவு ஐந்தாண்டில் பொய்யாகிவிடவில்லை. அது ஒரு மாறிலிக்குள் போய் ஒளிந்துகொண்டது என்பதே என் வாதம்.

அந்த மாறிலி பி-1. மாதிரியில் இரண்டு எண்கள் உண்டு. பிறக்கும் துளியின் ஆரத்தை அலைநீளத்தோடு பிணைப்பது பி-0. உடைய ஆகும் நேரத்தை நிர்ணயிப்பது பி-1. பி-0 பெரும்பாலும் 0.61 என்றே நிலைத்துவிட்டது. பி-1 அப்படியில்லை. 1993இல் லியூவும் கூட்டாளிகளும் 1.73 என்றனர், ஓப்பன்ஃபோம் மென்பொருளின் இயல்பு மதிப்பு 40, 60 வரை போவோரும் உண்டு. 1.73க்கும் 40க்கும் இடையே இருபத்துமூன்று மடங்கு. ஒரே ஏட்டின் படிகளில் ஒரு சொல் மட்டும் படிதோறும் மாறினால், மூலம் அங்கேதான் சிதைந்திருக்கிறது என்று பதிப்பாசிரியர் ஐயுறுவார். இங்கும் அந்த ஐயம் பொருந்தும். நேர்கோட்டு நிலைத்தன்மைக் கோட்பாடு வேகமாக வளரும் அலையையும் அது வளரும் வீதத்தையும் சொல்லும். அந்த அலை எவ்வளவு கலக்கத்திலிருந்து புறப்பட்டது என்று சொல்லாது. தொடக்கக் கலக்கம் நாசிலுக்குள் பிறக்கிறது.

பொறியியலில் மாறிலியைச் சரிக்கட்டுவது வழக்கம்தானே, கொந்தளிப்பு மாதிரிகளிலும் அது உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் கே-எப்சிலான் மாதிரியின் 0.09 என்ற எண்ணை நாசிலுக்கு நாசில் யாரும் மாற்றுவதில்லை. பி-1ஐ மாற்றுகிறார்கள். அதன் மதிப்பு நாசிலின் தன்மையைப் பொறுத்தது என்று மென்பொருள் கையேடுகளே ஒப்புக்கொள்கின்றன. 1991இல் ஹுவும் காஸ்மனும் நாசிலுக்குள் எழும் கொந்தளிப்பையே தம் மாதிரிக்கு அடியாக வைத்ததை, இந்த மறைவை வெளிக்கொணர்ந்த முயற்சியாக வாசிக்கலாம். ஆயினும் ‘சரிக்கட்டும் எண்’ என்ற நிலையைப் பி-1 எப்போது அடைந்தது என்று ஓர் ஆண்டைச் சுட்டுவது சரியாகாது. 1987க்கும் 1993க்கும் இடையில் படிப்படியாக நேர்ந்திருக்கலாம் என்பதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை.

டீசல் அழுத்தங்களை விட்டு, ஜவ்வாது மலையடிவாரத்துச் சந்தவாசலில் முதுகுத் தெளிப்பானால் நெல்லுக்கு மருந்தடிப்பதை எடுத்துக்கொண்டால் பிணக்கு இன்னும் தெளிவாகும். 3 பார் அழுத்தத்தில் தண்ணீர் எட்டக்கூடிய உச்ச வேகம் விநாடிக்குச் சுமார் 24.5 மீட்டர். அந்த வேகத்தில் 200 மைக்ரான் துளியின் வெபர் எண், அதாவது துளியைச் சிதைக்கும் காற்றின் விசைக்கும் அதைக் கட்டிவைக்கும் பரப்பு இழுவிசைக்கும் உள்ள விகிதம், ஏறத்தாழ 2. மருந்து கலந்து பரப்பு இழுவிசை பாதியானாலும் 4. காற்றில் துளி உடைய 12 வேண்டும். ஆகவே வெளிவந்த துளி மேலும் உடைவதில்லை. வயலில் விழும் அளவு நாசில் வாயிலேயே தீர்ந்துவிடுகிறது. அங்கே 100 மைக்ரானாகப் பிறந்த துளி விநாடிக்குக் கால் மீட்டர் அளவில்தான் இறங்கும். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தரை சேர்வதற்குள், விநாடிக்கு 2 மீட்டர் காற்றில் 8 மீட்டர் தள்ளிப் போய்விடும், அதாவது அடுத்தவர் வயலுக்கு.

வயல் நாசிலுக்குத் திரவத்தகடு உடைவதைக் கணக்கிடும் லிசா மாதிரி இருக்கிறதே என்பது வலுவான மறுப்பு. 1999இல் செனகலும் கூட்டாளிகளும் வகுத்த அது, ரைட்ஸின் திரட்டைவிட இவ்விடத்துக்கு நெருங்கியது, மறுக்கவில்லை. அதிலும் 12 என்றொரு மாறிலி உண்டு. வெபர் உருளைத் தாரைக்கு வருவித்தது அது. தகட்டுக்கும் பொருந்துவதாக டொம்ப்ரோவ்ஸ்கியும் ஹூப்பரும் பின்னர்க் கண்டனர். எனினும் டொம்ப்ரோவ்ஸ்கியும் ஃபிரேசரும் 1954இல் வெளியிட்ட ஒளிப்படங்களில் தகடு அலையால் மட்டும் உடையவில்லை. நீரில் நனையாத துகள்கள் கலந்த திரவத்தில் நடுவே துளைகள் விழுந்து, அவை விரிந்து தகடு கிழிகிறது. எண்ணெய்ப் பால்மங்களிலும் இதுவே நேர்வது பின்னர்ப் பதிவாகியிருக்கிறது. விவசாயி டேங்கில் கலக்கும் மருந்துகளில் பல அத்தகைய பால்மங்களே. லிசாவின் சமன்பாடுகள் அலையை மட்டுமே அறியும்; துளை விழுவதற்கு அவற்றில் ஓர் உறுப்புக்கூட இல்லை.