அம்மை நோயும் நம்பிக்கையும்: தமிழகத்தில் பெரியம்மைப் பராமரிப்பும் தடுப்பும் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

ஒரு சமூகம் நோயை எவ்வாறு விளங்கிக்கொள்கிறதோ அவ்வாறே நோயாளியைப் பேணுகிறது. தமிழகத்தில் இதற்குத் தெளிவான சான்றாக அமைவது பெரியம்மை. அந்நோயைத் தெய்வத்தின் வருகையாகக் கொண்ட நம்பிக்கை வீட்டுப் பராமரிப்பை ஒழுங்குபடுத்தியது. அதே நம்பிக்கைதான் அம்மை குத்துதலுக்குத் தடையாக இருந்தது என்று காலனிய அலுவலர்கள் கருதினர். இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதையும், பெரியம்மைக்கு உருவான வழக்கங்கள் பிற அம்மைகளுக்கு அப்படியே பொருந்தா என்பதையும் இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: பெரியம்மை, மாரியம்மன், அம்மை குத்துதல், நோயாளர் பராமரிப்பு, மருத்துவ வரலாறு.

முன்னுரை

தமிழில் ‘அம்மை’ என்னும் சொல் தாயையும் தெய்வத்தையும் நோயையும் ஒருசேரக் குறிக்கிறது. ‘மாரி’ என்னும் சொல்லோ மழையையும் கொள்ளைநோயையும் குறிக்கிறது. சித்த மருத்துவ மரபு ‘வைசூரி’ என்று பெயரிட்டு இந்நோயை வகைப்படுத்தினாலும் மக்கள் வழக்கில் நிலைத்தது ‘அம்மை’ என்பதே. நோய் கண்டவரை ‘நோயாளி’ என்னாது ‘அம்மை போட்டிருக்கிறது’, ‘அம்மை வார்த்திருக்கிறது’ என்று கூறுவதும், கொப்புளங்களை ‘முத்து’ என்பதும் இன்றும் வழங்கும் மரபுகள். இவை வெறும் மங்கல வழக்குகள் அல்ல. நோயாளியை அணுகும் முறையையே வரையறுத்தவை.

வறட்சி, வெப்பம், பெண் தெய்வம் ஆகிய மூன்றையும் நோயோடு இணைக்கும் எண்ணம் தொன்மையானது. சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை, பாண்டிய நாட்டில் மழை பொய்த்ததையும், வெப்பு நோயும் குருவும் பரவியதையும், கண்ணகிக்குச் சாந்தி செய்தபின் அவை நீங்கியதையும் கூறுகிறது. ‘குரு’ என்பது கொப்புளத்தைக் குறிக்கும். அது பெரியம்மையே என்று துணிதல் இயலாது. எனினும், சினந்த பெண் தெய்வத்தைக் குளிர்வித்தால் நாடும் உடலும் குளிரும் என்னும் கருத்தமைப்பு அங்கே முழுமையாக இடம்பெற்றுள்ளது.

நம்பிக்கை வகுத்த பராமரிப்பு

அம்மை கண்ட வீட்டின் வாயிலில் வேப்பிலை செருகப்பட்டது. அதைக் கண்ட அயலார் உள்ளே நுழைவதைத் தவிர்த்தனர். வீட்டில் தாளிதம் செய்வதில்லை, புலால் சமைப்பதில்லை, கணவனும் மனைவியும் கூடுவதில்லை. நோயுற்றவர் வேப்பிலை பரப்பிய படுக்கையில் கிடத்தப்பட்டார். இளநீர், மோர், கூழ், பானகம் முதலிய குளிர்ச்சியான உணவுகள் அளிக்கப்பட்டன. அரிப்பெடுத்த இடத்தை நகத்தால் சொறியாமல் வேப்பிலைக் கொத்தால் வருடினர். கொப்புளங்கள் உலர்ந்தபின் மஞ்சளும் வேப்பிலையும் இட்ட நீரைத் தலைக்கு வார்ப்பதே நோய் நீங்கியமைக்கு அடையாளம். சமயபுரத்தில் மாரியம்மனே பக்தர்களுக்காக 28 நாள் பச்சைப்பட்டினி விரதம் இருப்பதாகக் கொள்ளும் மரபும் இச்சிந்தனையின் நீட்சியே. நோயாளியும் குடும்பமும் தெய்வமும் ஒரே நோன்பில் இணைகின்றனர்.

இவ்வொழுக்கங்களை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவதும், மறைந்துகிடக்கும் அறிவியல் என்று போற்றுவதும் வரலாற்று நோக்கில் பொருந்தா. பெரியம்மையின் கொடிய வகை, தடுப்பு பெறாதவருள் ஏறத்தாழ பத்தில் மூவரின் உயிரைப் பறித்தது. அதற்கு உறுதியான மருந்து எதுவும் இருக்கவில்லை. நீராகாரம், தூய்மை, ஓய்வு, அருகிருந்து பேணுதல் ஆகியவற்றைத் தவிர மேலை மருத்துவத்தாலும் அன்று பெரிதாக எதுவும் அளிக்க முடியவில்லை. ஆகவே சிகிச்சை என்ற அளவில் வீட்டுப் பராமரிப்பு மருத்துவமனையினும் தாழ்ந்ததாக இருந்தது என்று கூற இயலாது. அருவருப்பூட்டும் தோற்றம் கொண்ட நோயாளியைக் கைவிடாமல் தெய்வம் தங்கிய உடலாகப் போற்றச் செய்தது இந்நம்பிக்கையின் பெரும்பயன். மறுபுறம், மருந்து கொடுப்பது தெய்வத்தை அவமதிப்பதாகும் என்ற அச்சமும் அதனுள்ளேயே வளர்ந்தது.

அம்மை குத்துதலும் எதிர்ப்பும்

எட்வர்டு ஜென்னர் 1796இல் கண்டறிந்து 1798இல் வெளியிட்ட பசுவம்மைத் தடுப்பு முறை, 1802 சூன் மாதத்தில் பம்பாயில் ஒரு குழந்தைக்கு முதன்முதலாக இந்தியாவில் அளிக்கப்பட்டது. விரைவில் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மக்களை இணங்கச் செய்ய அவர்களுடைய நம்பிக்கையையே கருவியாக்க முயன்றவர்களுள் குறிப்பிடத்தக்கவர், திருக்குறள் ஆர்வலராகத் தமிழுலகம் அறிந்த எல்லிஸ். அம்மை குத்துதலைப் பசு வழங்கிய கொடையாகக் காட்டும் ஓர் உரையாடலை அவர் தேவிக்கும் தன்வந்திரிக்கும் இடையே நிகழ்வதாகப் படைத்தார். 1819 சனவரியில் ‘கல்வி விரும்பன்’ என்ற புனைபெயரில் சென்னை இதழ் ஒன்றில் வெளிவந்த கடிதம், இம்முறை பழைய வடமொழி நூலிலேயே உள்ளதென்று கூறியது. அக்கூற்றுக்குச் சுவடி ஆதாரம் இல்லை என்பதையும், அது நல்லெண்ணத்தில் விளைந்த புனைவு என்பதையும் தோமினிக் உயஸ்திக் பின்னர் விளக்கினார்.

இம்முயற்சி எதிர்ப்பின் வேர் சமயமே என்ற முன்முடிவின்மீது எழுந்தது. அலுவலர் அறிக்கைகள் பலவும் அம்முடிவையே வழிமொழிந்தன. ஆனால் தென்னிந்தியாவின் தொடக்கக் காலனியக் காலத்தை ஆராய்ந்த நீல்ஸ் பிரிம்னெஸ், எதிர்ப்பைச் சமயக் காரணத்தில் மட்டும் அடக்க இயலாது என்கிறார். நடைமுறையைக் கவனித்தால் இது விளங்கும். 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அம்மைப்பால் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாற்றப்பட்டது. ஊசி ஏறிய குழந்தையை ஏறத்தாழ எட்டாம் நாளில் மீண்டும் கொண்டுவந்து, அதன் கொப்புளத்தைக் கீறி எடுத்த நீரையே அடுத்த குழந்தைக்கு இட்டனர். குழந்தைக்கு வலி, தாய்க்கு அச்சம், வேறு நோய்கள் தொற்றும் இடர். யாருடைய கையிலிருந்து எடுக்கப்பட்டது என்ற சாதி சார்ந்த கேள்வியும் இதனுடன் சேர்ந்தது. இக்கேள்வியில் மாரியம்மனுக்கு இடமில்லை. தீட்டுக் கோட்பாட்டுக்கே இடமிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதிக் கால் பகுதியில் சட்டம் கொணர்ந்த கட்டாயமும் அச்சத்தைக் கூட்டியது.

1899இல் கிண்டியில் தோன்றிய கிங் நிறுவனம் கன்றுகளிலிருந்து அம்மைப்பாலைத் தயாரித்தது. கைக்குக் கை மாற்றும் முறை மறையவே அதனோடு பிணைந்த தயக்கங்களும் அடிப்படை இழந்தன. மாரியம்மன் வழிபாடோ குறையாமல் தொடர்ந்தது. வழிபாடு நிலைத்திருக்கவே தடுப்பூசியும் வேரூன்றியமை, இரண்டும் ஒன்றையொன்று விலக்குபவை என்ற கருத்தைத் தகர்க்கிறது.

பெரியம்மைக்குப் பின்

1975 மே மாதத்துக்குப் பின் இந்தியாவில் பெரியம்மை இல்லை. 1980 மே 8 அன்று உலகச் சுகாதாரப் பேரவை அந்நோயின் ஒழிப்பை அறிவித்தது. நோய் மறைந்தபின்னும் வேப்பிலை வாயிலில் நின்றது. அவ்வொழுக்கங்கள் சின்னம்மைக்கும் தட்டம்மைக்கும் மடைமாறின. சிக்கல் இங்குதான் எழுகிறது.

பெரியம்மை பெரும்பாலும் கொப்புளம் தோன்றிய பின்னரே பிறருக்குத் தொற்றும். எனவே கொப்புளம் கண்டதும் விலக்கிவைக்கும் வழக்கம் அதற்குப் பொருந்தியது. தட்டம்மையோ தடிப்புத் தோன்றுவதற்கு ஏறத்தாழ நான்கு நாள் முன்பே தொற்றத் தொடங்கிவிடுகிறது. சின்னம்மையும் ஓரிரு நாள் முன்பே பரவுகிறது. வேப்பிலை செருகும் நேரத்தில் நோய் அடுத்த வீட்டை அடைந்திருக்கக்கூடும். சிகிச்சையிலும் நிலைமை மாறிவிட்டது. தட்டம்மைக்கு உயிர்ச்சத்து ஏ, அதைத் தொடரும் நுரையீரல் அழற்சிக்கு நுண்ணுயிர்க்கொல்லி, இடர்மிகு சின்னம்மைக்கு நச்சுயிர் எதிர்ப்பு மருந்து ஆகியன உள்ளன. மருந்தில்லாக் காலத்தில் தீங்கு குறைவாயிருந்த ‘மருந்து கூடாது’ என்னும் விலக்கு, இன்று குழந்தையின் உயிரைக் கொள்ளக்கூடும்.

மேலும், 2017இல் தமிழகத்தில் நடந்த தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி இயக்கத்தின்போது பெற்றோரைத் தயங்கச் செய்தவை சமூக ஊடக வதந்திகள். எதிர்ப்புக்குத் தெய்வ நம்பிக்கையையே காரணமாக்கும் பழைய விளக்கம் இங்குப் பயன்படாது.

முடிவுரை

அம்மை பற்றிய நம்பிக்கை பேணுதலுக்கு ஒழுங்கையும் நோயாளிக்கு மதிப்பையும் தந்தது; மருந்தை விலக்கியபோது தீங்கும் செய்தது. காலனிய மருத்துவம் இவ்விரண்டையும் பிரித்தறியாமல், தன் முறையின் குறைகளுக்கும் மக்களின் நம்பிக்கையையே பொறுப்பாக்கியது. இன்றைய மருத்துவப் பணியாளர் வேப்பிலையை அகற்றச் சொல்ல வேண்டியதில்லை. இளநீரையும் ஓய்வையும் தடுக்க வேண்டியதில்லை. மூச்சுத்திணறலும் மயக்கமும் கண்டால் தலைக்கு நீர் வார்க்கும் நாள்வரை காத்திராமல் மருத்துவமனைக்கு வரவேண்டும் என்பதை அக்குடும்பத்தின் மொழியிலேயே உணர்த்துவதுதான் தேவை. எதை ஏற்பது, எதை மாற்றுவது என்று பிரித்தறிய இவ்வரலாறு துணைசெய்யும்.