மணிபிளான்ட்டுக்கு எந்த ஊர்?

பேங்க் ஆபீசர் வீட்டில் மணிபிளான்ட் இருந்தால் கிண்டல் நிச்சயம். இதன் பூர்வீகம் தெரியுமோ? பசிபிக் கடலில் மூரியா என்றொரு தீவு. 1880-ல் பூவைப் பார்க்காமலே போத்தோஸ் இனத்தில் சேர்த்தார்கள். 1960-களில் பூவை ஆராய்ந்து, எபிப்ரெம்னம் என்று மாற்றினார்கள். பூக்கத் தேவையான ஜிப்பெரலின் ஹார்மோன் இதில் மிகக் குறைவு என்று 2016-ல் கண்டுபிடித்தார்கள். ஆக, விதையில்லாமல், கணுவை வெட்டி வெட்டியே உலகம் முழுக்கப் பரவிய கொடி இது!

நேர்வெயில் படாத ஜன்னலோரம் போதும். மேல்மண் காய்ந்தபின் தண்ணீர். குழந்தைகள் இலையைக் கடித்தால் வாய் எரியும், எட்டாமல் வையுங்கள்.

மூன்று டிரான்ஸ்ஃபரிலும் ஒரு கணுவை பாட்டில் தண்ணீரில் போட்டு எடுத்து வந்தேன். "நமக்கு எந்த ஊருப்பா?" என்று கேட்கும் மகளிடம் இந்தக் கொடியைத்தான் காட்டுகிறேன்.