கடல் இல்லாத துறைமுகம்

கடற்கரைப் பட்டணம் என்று நம்பிப் போன எனக்கு முதலில் ஏமாற்றந்தான் காத்திருந்தது. பிரான்ஸ் தேசத்தின் தெற்குக் கோடியில், ரோன் நதியின் கழிமுகத்துக்கு மேற்கே, சதுப்பு நிலத்தின் நடுவே இருக்கிறது எக்மோர்த் என்னும் சிற்றூர். மதில் மேல் ஏறித் தெற்கே பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய மட்டும் உப்பளங்கள். பாத்திகளில் நீர் ரோஜா நிறமாக நின்றது. உப்பு முற்றிய நீரில் வளரும் நுண்ணிய பாசி கொடுக்கும் நிறமாம் அது. அப்பால் குன்று குன்றாக வெள்ளை உப்பு. கடலோ மூன்று நான்கு மைல் தள்ளி இருந்தது.

எக்மோர்த் என்றால் 'செத்த நீர்' என்று பொருள். இப்படிப் பெயர் வாங்கிய இடத்தில் துறைமுகம் அமைக்க ஓர் அரசனுக்கு மனம் வந்ததே என்று வியக்கலாம். ஒன்பதாம் லூயி மன்னனுக்கு வேறு வழியில்லை. 13ஆம் நூற்றாண்டில் மத்தியதரைக் கடலில் அவனுக்குச் சொந்தத் துறை கிடையாது. மார்சேல் நகரம் புரோவான்ஸ் பிரபுவின் ஆட்சியில் இருந்தது. சிலுவைப் போருக்குப் புறப்படும் மன்னன் அயலான் துறையில் அனுமதி கேட்டுக் கப்பலேறுவானா? மடத்துத் துறவிகளிடமிருந்து இந்தச் சேற்று நிலத்தைப் பெற்றான். கொசுவும் காய்ச்சலும் இருந்த இடத்துக்கு மனிதர்களும் வரவேண்டுமே! 1246இல் வரிச் சலுகைகளை வாரி வழங்கிச் சாசனம் எழுதிக் கொடுத்தான்.

1248 ஆகஸ்டு 25ஆம் தேதி இங்கிருந்து கப்பலேறினான். எகிப்தில் தோற்றுச் சிறைப்பட்டு, மீட்புப் பணம் கொடுத்து விடுதலை பெற்றான். 1270இல் மறுபடியும் இதே துறையிலிருந்து கிளம்பி, டூனிஸ் கரையில் நோய் கண்டு மாண்டான். மாண்ட தேதியும் ஆகஸ்டு 25! நாவலில் நான் இப்படி எழுதியிருந்தால் வாசகர்கள் என்னைச் சும்மா விட்டிருக்க மாட்டார்கள்.

ஒரு மைல் சுற்றளவுள்ள மதிலை அவன் கண்ணால் பார்க்கவில்லை. மகன் தொடங்கியதைப் பேரன் முடித்தான். அதற்குள் நதி கொண்டுவந்த வண்டல் கால்வாய்களைத் தூர்க்க ஆரம்பித்துவிட்டது. 1481இல் மார்சேலே பிரெஞ்சு அரசுக்கு வந்து சேர்ந்ததும் எக்மோர்த்தை நாடுவார் குறைந்தனர். யாருக்கும் வேண்டாத ஊரானதால்தான் மதில் இடிபடாமல் பிழைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது மதிலைப் பற்றி அல்ல. லூயி கட்டிய கான்ஸ்டான்ஸ் கோபுரத்தைப் பற்றி. அதன் சுவரின் கனம் இருபது அடி. 1685இல் பதினான்காம் லூயி புராடெஸ்டண்டு மதத்துக்குத் தடை விதித்தபின் அது சிறைச்சாலையாயிற்று. 1705இல் ஆபிரகாம் மசேல் என்பவனும் பதினாறு தோழர்களும் கயிறு கட்டி இறங்கித் தப்பினார்கள். பிற்பாடு அங்கே பெண்களை அடைத்தார்கள்.

1730இல் மரி துரான் என்ற பெண்ணைக் கொண்டுவந்தபோது அவளுக்கு வயது பத்தொன்பது. தமையன் தடையை மீறிப் பிரசங்கம் செய்த போதகன்; அதுவே அவள் குற்றம். இரண்டு வருஷங்களில் அவனைத் தூக்கிலிட்டார்கள். அவள் உள்ளேயே இருந்தாள். எழுத்தறியாத மற்றப் பெண்களுக்காகவும் உதவி கேட்டுக் கடிதம் எழுதினாள்.

கதவுக்குச் சாவி அந்தப் பெண்களின் வாயிலேயே இருந்தது. 'என் மதத்தைத் துறக்கிறேன்' என்று சொல்லிவிட்டால் வெளியே போகலாம். சிலர் சொன்னார்கள், அவர்களைக் குறை கூற நான் யார்? நானாயிருந்தால் முதல் குளிர்காலத்திலேயே சொல்லியிருப்பேன்.

மேல் மண்டபத் தரையின் நடுவில் வட்டமாக ஒரு துவாரம். அதன் கல்விளிம்பில் ஒரு சொல்லைக் கீறியிருக்கிறார்கள்: 'ரெஜிஸ்தேர்'. எதிர்த்து நில் என்று அர்த்தம். மரி துரான் கீறியது என்பது வழிவழி வந்த பேச்சு. வேறொருத்தியின் கையாகவும் இருக்கலாம். நான் குனிந்து பார்த்தேன். எழுத்துக்கள் கோணலாக இருந்தன. ஊசியோ ஆணியோ, கையில் கிடைத்ததைக் கொண்டு எத்தனை நாள் தேய்த்தாளோ!

லாங்குதோக் மாகாணத்துத் தளபதி பொவோ பிரபு கோபுரத்தில் ஏறி அப்பெண்களைக் கண்டு மனம் பொறாமல் விடுதலைக்கு வழி செய்தார். 1768 ஏப்ரலில் மரி துரான் படியிறங்கினாள். உள்ளே போய் முப்பத்தெட்டு வருஷம் ஆகியிருந்தது. பிறந்த வீட்டுக்கே திரும்பினாள். ஆம்ஸ்டர்டாமிலிருந்த சபையார் அனுப்பிய சிறு தொகையில் எட்டு வருஷம் ஜீவித்து, 1776இல் அங்கேயே கண் மூடினாள்.